எந்தக் கேள்விக்கு அந்தப் பதில்?

நேற்று நீங்கள் நடத்திய வாக்கெடுப்பைப் பற்றி ஒருமுறை பேசிவிடுகிறேன். "மருத்துவத்தை அரசு கையகப்படுத்துவதை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டீர்கள். பெரும்பாலோர் இல்லை என்றதும், "அமெரிக்காவில் யாருக்குமே மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நானும் இல்லை என்றுதான் சொல்வேன். கையகப்படுத்துவது என்றால் யாருக்குப் பிடிக்கும்?

2009 ஜூனில் என்பிசி தொலைக்காட்சியும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. அரசுக் காப்பீடா, தனியாரா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மக்களுக்கு முக்கியமா என்று கேட்டார்கள். 76 சதவீதம் பேர் முக்கியம் என்றார்கள். ஆகஸ்டில் என்பிசி 'தேர்வு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தனியாரோடு போட்டியிடும் அரசுத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டது. ஆதரவு 43 சதவீதம் ஆனது.

"இடையில் இரண்டு மாதப் பிரசாரம் நடந்ததே, மனம் மாறியிருக்கும்" என்பீர்கள். சரி. அதே ஆகஸ்டில் சர்வேயுஎஸ்ஏ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஜூனில் கேட்ட பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டபோது 77 வந்ததே, அதற்கு என்ன சொல்வீர்கள்? மாறியது கேள்வி.

"சீர்திருத்தம் வேண்டும் என்கிற உங்கள் பக்கமும் இதைத்தானே செய்கிறது?" செய்கிறது. 'மெடிகேர் ஃபார் ஆல்', அதாவது எல்லோருக்கும் அரசே காப்பீடு என்றால் இனிக்கிறது, தனியார் காப்பீடு போய்விடும் என்றால் ஆதரவு சரிகிறது. அதையும் முழுதாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆனால் நேற்று கேட்டது நீங்கள்.

"ஒரு சொல்லுக்கா இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் வலித்தது. போன வருடம் என் மனைவிக்கு ஸ்கேன் எடுக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, "கவர்டா?", அதாவது காப்பீட்டில் அடங்குமா என்று கேட்டேன். "கவர்டு" என்றார்கள். காகிதத்தில் குறித்தும் வைத்தேன். ஆறு வாரம் கழித்து 1,140 டாலருக்குப் பில் வந்தது. மறுபடி கூப்பிட்டால், கவர்டுதான், ஆனால் டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) இன்னும் முடியவில்லை, அதனால் முழுத் தொகையும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட அர்த்தம் வேறு, அவர்கள் சொன்ன அர்த்தம் வேறு. அடுத்து மருத்துவர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை அவள் நான்கு மாதம் தள்ளிப் போட்டாள். என்னிடம் சொல்லவே இல்லை.

அதனால்தான் கோபம் வருகிறது. அந்த வாக்கெடுப்பை மறுபடி போடுங்கள். "விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ள ஓர் அரசுக் காப்பீடும் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்று வந்தால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.