சுவர் இதழ்களையும் சேர்த்து வையுங்கள்

கல்லூரி அன்றாடத்தை மாணவர் பத்திரிகைகளே உண்மையாகப் பதிவு செய்கின்றன என்று மாணவர் பத்திரிகைகள் குறித்த கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவது, 1873இல் தொடங்கிய, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான ஹார்வர்டு கிரிம்சன் போன்ற இதழ் வாய்த்த இடங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். நீலகிரியில் எங்கள் கல்லூரியில் இருந்தவை ஆண்டு மலரும், மாணவர்கள் கையால் எழுதிப் பலகையில் ஒட்டும் சுவர் இதழும்தான். ஆண்டு மலரில் முதல்வரின் அறிக்கையும் விளையாட்டு விழாப் படங்களும் இடம்பெறும். நடுவட்டம் சாலையில் மரம் விழுந்து கூடலூர்ப் பேருந்து வராததால் பாதி வகுப்பு காலியாகக் கிடந்ததும், விடுதியில் துவைத்த துணி ஜூலை முழுவதும் காயாததும், கேன்டீனில் பத்து மணிக்கே வர்க்கி என்னும் மொறுமொறு தின்பண்டம் தீர்ந்துவிடுவது குறித்த புகாரும் சுவர் இதழில் மட்டுமே வெளிவந்தன. தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் ஸ்கெட்ச் பேனா மை ஊறிப் பரவி, வாரக் கடைசிக்குள் தாளே பலகையிலிருந்து உரிந்துவிடும். அவற்றை எவரும் எடுத்து வைக்கவில்லை. இப்போது படிப்பவர்களாவது ஒவ்வோர் இதழையும் கைப்பேசியில் படமெடுத்து, தேதியிட்டு, கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம்.