இன்சுலின் போட்டால் கிட்னி போகுமா?

"இன்சுலின் ஆரம்பித்தால் கிட்னி போய்விடும், டாக்டர் சொன்னாலும் தள்ளிப்போடுங்கள்" என்று பினாங்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்கில் கட்டுக்குள் வராத இனிப்புநீர்தான். மாத்திரை போதாமல் போன பிறகும் நாளைக் கடத்திவிட்டு, கிட்னி பழுதாகும் நேரத்தில்தான் பலர் ஊசிக்கு வருகிறார்கள். அப்புறம் பழி ஊசி மேல் விழுகிறது.

1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், கிட்னி போன்ற சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் சுமார் 25% குறைந்தன. அவர்களில் இன்சுலின் போட்டவர்களும் உண்டு.

சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதை டாக்டரிடமே கேளுங்கள், அளவைச் சரிசெய்வார். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும்; அது இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவது பற்றி அன்றைக்கே பேசுங்கள்.