பந்தைத் தவறவிட்டவனை மட்டும் திட்டாதீர்கள்

நேற்று மாலை எங்கள் கால்பந்துப் பயிற்சி ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வலது ஓரத்தில் நின்றிருந்தான். நடுக்களத்திலிருந்து அவனுக்குப் பந்து வந்தது. தரையோடு வரவில்லை, முழங்கால் உயரத்துக்குத் துள்ளிக்கொண்டு, அவன் நின்ற இடத்துக்கு இரண்டடி பின்னால் வந்தது. அவன் உடம்பை முறுக்கிக் காலை நீட்டி எப்படியோ தொட்டுவிட்டான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே ஓடியது. "பந்தை நிறுத்தக்கூடத் தெரியவில்லையே!" என்று ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கத்தினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பந்தைக் கொடுத்தவனோ, "நான் என்ன செய்வேன்" என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

எனக்குக் கோபம் வந்தது அந்த விரித்த கைகளைப் பார்த்துத்தான்.

பந்து பறிபோனால் கடைசியாகத் தொட்டவனைக் குற்றம் சொல்வது நம் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் அதற்கு ஒரு பாஸ் முன்னாலேயே, அதாவது சக ஆட்டக்காரன் பந்தைக் கொடுக்கும்போதே, நடந்து முடிந்துவிடுகின்றன. பந்து தன் காலைவிட்டுப் போனதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவனுக்கு இன்னும் பாஸ் கொடுக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். வாங்குகிறவன் அடுத்த அடியை நிம்மதியாக எடுத்துவைக்கும்வரை அந்தப் பந்து கொடுத்தவனுடைய பொறுப்பு.

அடிப்படையிலிருந்தே வருகிறேன். பத்து மீட்டர் தூரத்துக்குப் பாதத்தின் உட்பக்கத்தால் தரையோடு கொடுக்கும் பாஸ். ஆட்டத்தில் அதிகம் தேவைப்படுவதும் இதுதான், பயிற்சியில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். பையன்கள் எல்லோரும் உதைக்கும் காலையே பார்க்கிறார்கள். நான் ஊன்றுகாலை, அதாவது உதைக்கும்போது தரையில் நிற்கும் மற்றக் காலை, பார்க்கச் சொல்கிறேன். அது பந்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கவேண்டும். அந்தக் காலின் கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகும். ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடம்பு பின்பக்கம் சாய்கிறது. உதைக்கும் கால் பந்தின் அடிப்பாகத்தில் படுகிறது. பந்து எழும்பித் துள்ளுகிறது. நேற்று நடந்தது இதுவேதான். உதைக்கும் காலின் கணுக்கால் தளராமல் இறுகியிருக்கவேண்டும், விரல்கள் சற்றே மேல்நோக்கி இருக்கவேண்டும், பந்தின் நடுவில் தட்டவேண்டும், தட்டிய பிறகும் கால் இலக்கை நோக்கித் தொடர்ந்து போகவேண்டும். கணுக்கால் தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சரியாகப் பட்ட பந்து 'டப்' என்று கச்சிதமாக ஒலிக்கும்.

அடுத்தது வேகம். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். அவ்வளவு சிறிய எடையை எவ்வளவு விசையோடு அனுப்புவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, கால்தான் கற்றுக்கொள்ளவேண்டும். நண்பனுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று மெதுவாக உருட்டிவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தப் பந்து போய்ச் சேர்வதற்குள் எதிரணிக்காரன் வந்துவிடுகிறான். அழுத்தமாக, ஆனால் தரையோடு வரும் பந்தே வாங்குகிறவனுக்கு நேரத்தைத் தருகிறது.

1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் அடித்த நான்காவது கோலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லோரும் கார்லோஸ் ஆல்பெர்ட்டோவின் உதையைப் பேசுவார்கள். நான் அதற்கு முந்தைய நொடியைத்தான் பார்ப்பேன். பந்து பெலேயிடம் வருகிறது. அவரிடம் அவசரமே இல்லை. நிறுத்துகிறார், ஒரு கணம் காத்திருக்கிறார், பிறகு வலப்பக்கம் யாருமற்ற புல்வெளியில் மெல்ல உருட்டிவிடுகிறார். பின்னாலிருந்து ஓடிவரும் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ வேகத்தைக் குறைக்கவும் இல்லை, பந்தை நிறுத்தவும் இல்லை. ஓடிவந்த வேகத்திலேயே அடித்தார். அழுத்தமாகக் கொடு என்று இப்போதுதான் சொன்னேன், பெலே மெல்ல உருட்டினாரே என்று கேட்கலாம். ஓடிவருகிறவனுக்கு அதுதான் தேவையாக இருந்தது. தேவை எது என்பதை வாங்குகிறவனின் கால்தான் தீர்மானிக்கிறது.

எந்தக் காலுக்குக் கொடுப்பது என்பதை ஏன் பல இடங்களில் சொல்லித்தருவதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. நண்பனின் வலப்பக்கம் எதிரணிக்காரன் நெருங்கினால் பந்து இடது காலுக்குப் போகவேண்டும். அவனுக்குப் பின்னால் ஆளே இல்லையென்றால், எதிரணியின் கோல் பக்கம் இருக்கும் காலுக்குக் கொடுத்தால் ஒரே தொடுதலில் திரும்பிவிடுவான். "திரும்பு, இடம் இருக்கிறது" என்று கத்தத் தேவையில்லை, பந்தே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்திருக்கவேண்டும். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரராக இருந்த சாவியின் பழைய ஆட்டங்களில் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் கவனித்துப் பாருங்கள். இடம், வலம், பின்பக்கம் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். மைதானத்தில் அவர் உயரமானவரும் இல்லை, வேகமானவரும் இல்லை.

உடல் பலத்துக்கு எதிரான விடையாகத்தான் பாஸ் ஆட்டமே வளர்ந்தது. 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேசப் போட்டியில் ஆங்கிலேயர்கள் எடையில் மிஞ்சியவர்கள்; ஆளாளுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதே அவர்கள் பாணி. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கி ஆடினார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. இளைத்த பிள்ளைகளைப் பார்த்து "இவனுக்கு உடம்பு போதாது" என்று சொல்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்வேன்.

தனியாகப் பழக ஒரு சுவர் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று, ஒரு காலால் வாங்கி மறுகாலால் திருப்பி அனுப்புங்கள். பலவீனமான காலுக்கு இரண்டு மடங்கு வேலை கொடுங்கள். கோணலாகக் கொடுத்தால் கோணலாகவே திருப்பித் தரும் சுவரிடம் சாக்குச் சொல்ல முடியாது. ஆள் கிடைத்தால் ரோண்டோ ஆடுங்கள்: நான்கு பேர் சுற்றி நிற்க, இருவர் நடுவில் நின்று பறிக்கவேண்டும். சிறு சதுரத்துக்குள் மோசமான பாஸுக்கு உடனே தண்டனை கிடைத்துவிடும்.

நேற்றைய ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். கையை விரித்த பையனை வலது ஓரத்தில் நிற்கவைத்தேன். அவன் அனுப்பியதைப் போலவே துள்ளும் பந்துகளாகப் பத்தை அவனுக்கு நானே அனுப்பினேன். மூன்றைத்தான் நிறுத்த முடிந்தது. ஒன்றும் பேசவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது, தலையைக் குனிந்து நின்ற அந்த நண்பனிடம் ஓடிப்போய், "உனக்கு எந்தக் காலுக்கு வேண்டும்?" என்று கேட்டான். ஊன்றுகால் இன்னும் பின்னால்தான் நிற்கிறது. நாளை அதிலிருந்து தொடங்குகிறோம்.