லயத்துக்கு உறுதிப்பத்திரம் எங்கே?

அமெரிக்காவில் வெள்ளத்தில் அடிபட்ட குறைந்த வருமானக்காரருக்கு அரசே 3 வருடக் குழுக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கிறது என்ற கட்டுரையை வாசித்தேன். வாடகைக்கு இருப்பவரின் வீட்டுச் சாமானுக்கும் அதில் இடமுண்டாம். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நாங்கள் இருக்கும் லயக் காம்பரா (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) எங்கள் பெயரில் இல்லையே, உறுதிப்பத்திரம் கேட்டால் எதைக் காட்டுவது?

இப்படியொரு காப்புறுதி இங்கே வந்தால் அதில் மண்சரிவும் கட்டாயம் சேர வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்களை மூடியது ஆற்று வெள்ளமில்லை, மலை.

இன்னொன்று. அங்கே 3 வருடம் முடிந்தபின் சொந்தக் காசில் காப்புறுதியைத் தொடராதவர்களுக்கு அடுத்த வெள்ளத்தில் உதவி மறுக்கப்படலாம். கொழுந்து பறித்து நாட்சம்பளம் வாங்கும் எங்கள் அக்காமாரிடம் தயவுசெய்து அந்த நிபந்தனையைப் போட்டுவிடாதீர்கள்.