பாதியில் திரும்பியவர்கள் சார்பாக

அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை எனக்கே அனுப்பி "செம இல்ல?" என்று கேட்கிறவர்கள் நிறுத்துவதாகத் தெரியவில்லை. எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் சேர்ந்து போன மலையேற்றத்தில் எடுத்தது. உச்சியில் கைகோத்து நிற்கிற கூட்டம், கீழே எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் எழுதிய வரி: "பாதியில் திரும்புகிறவர்களுக்கு மலை தன்னைக் காட்டுவதில்லை." அதற்குக் கீழே இதயமும் தீயும் கைதட்டலும் கொட்டிக் கிடக்கின்றன.

பாதியில் திரும்பியது யார் என்று அண்ணன் பெயர் சொல்லவில்லை. பெருந்தன்மை. போனவர்கள் எத்தனை பேர், படத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கழிக்கத் தெரிந்த யாருக்கும் பெயர் தேவையில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எங்களோடு வந்து பாதியில் திரும்பியவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முந்தின நாள் மாலையே அவளுக்குத் தலைவலி. இரவுச் சாப்பாடு உள்ளே போகவில்லை, அப்புறம் வாந்தி. உச்சிக்குக் கிளம்பும் நேரத்தில் வழிகாட்டி அவளைக் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சாய்ந்தாள். உயரத்தில் தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் மூளையில் வீக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், உடனே கீழே இறங்க வேண்டும். மலைக்குப் போகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்கிற பாடம் இது. அண்ணனுக்கும் சொன்னார்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் விடிவதைப் பார்க்காமலே போயிருக்கிறார்கள். உதவி வழிகாட்டி ஒருவரும் நானும் அவளை இருட்டிலேயே இறக்கிக்கொண்டு வந்தோம். இறங்க இறங்கத் தெளிந்தாள். இதில் எந்த இடத்தில் மனவுறுதி குறைந்தது என்று யாராவது காட்டினால் தெரிந்துகொள்கிறேன்.

மலையேற்றத்தைப் பார்த்து யாரும் ஊக்கம் பெறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கே அது கிடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்தக் குளிரில் எனக்கு என்ன வேலை? நான் சொல்வது ஒன்றுதான்: மலை சொல்லித்தருவதில் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, மீதியைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். 3000 மீட்டரைத் தாண்டிவிட்டால், ஓர் இரவு தூங்கிய உயரத்தைவிட மறு இரவு தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உயரமான முகாம்வரை ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வந்து தூங்குகிறார்கள். இறங்கி வருவதும் ஏறுகிற முறைக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஊக்கப் பேச்சிலாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே எல்லாம் ஏறு, ஏறு, ஏறுதான்.

1996 மே மாதம் யோரான் க்ரோப் எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்றார். ஸ்வீடனிலிருந்து சைக்கிள் மிதித்தே மலையடிவாரத்துக்கு வந்த மனிதர். நேரம் ஆகிவிட்டது என்று திரும்பிவிட்டார். அண்ணன் கணக்கில் அவருக்கு மலை தன்னைக் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து அதே மலையில் ராப் ஹால் என்ற அனுபவம் மிக்க நியூசிலாந்து வழிகாட்டியின் குழு ஏறியது. அதிகபட்சம் மதியம் இரண்டு மணி, அதற்குமேல் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. குழுவில் டக் ஹேன்சன் என்பவர் இருந்தார். முந்தைய ஆண்டு உச்சியை நெருங்கியபோது ஹாலே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறை திருப்பவில்லை. மாலை நான்கு மணிவாக்கில் ஹேன்சன் உச்சியைத் தொட்டார். புயலில் சிக்கி ஹால், ஹேன்சன் இருவருமே கீழே வரவில்லை. அந்தப் புயலில் அந்த மலையில் இறந்தவர்கள் எட்டுப் பேர். க்ரோப் அதே மாதக் கடைசியில் மறுபடி ஏறி, ஆக்சிஜன் உருளை இல்லாமலே உச்சியைத் தொட்டுவிட்டு வந்தார்.

"பார்த்தீர்களா, அவரும் விடவில்லை, மறுபடி ஏறினார்" என்று யாராவது ஓடி வருவீர்கள். ஆமாம், ஏறினார். உயிரோடு இருந்ததால் ஏறினார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்டால், சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வை நான் பாதியில் விட்டது பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. தூக்கம் போய், சாப்பாடு போய், நெறியாளரின் எண்ணை அலைபேசியில் பார்த்தாலே கை நடுங்குகிற நிலைக்கு வந்திருந்தேன். அவர் அறைச் சுவரில் பனிமலைப் படம் ஒன்று மாட்டியிருக்கும். விலகல் கடிதத்தை நீட்டியபோது அதைத்தான் காட்டினார். "உச்சிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து யாராவது திரும்புவார்களா?" அப்போது எனக்கு க்ரோப் யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் முறை வைத்து அனுப்பினார்கள், ஒவ்வொரு காலையிலும் ஒரு சிகரம், ஒரு சூரியன், ஒரு பொன்மொழி. படுத்துக் கிடக்கிறவள் தலைமாட்டில் மலையைக் கொண்டுவந்து வைத்தால் எழுந்துவிடுவாள் என்று எந்த மருத்துவர் சொன்னார்?

"ஒரு வரிக்கு இவ்வளவு கொந்தளிப்பா, பொதுவாகத்தானே சொன்னார்" என்கிறார்கள். பொதுவாகச் சொல்கிறவர் அந்த நடையைப் பற்றிய படத்துக்குக் கீழே, அதுவும் அவளையும் சேர்த்து டேக் செய்து சொல்ல மாட்டார். விடுங்கள்.

"அருணிமா சின்ஹாவைப் பார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். பார்க்கிறேன் தம்பி, உன்னைவிட அதிகமாகவே பார்த்திருக்கிறேன். 2011ல் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு ஒரு காலை இழந்த பெண், 2013 மே மாதம் செயற்கைக் காலோடு எவரெஸ்ட் ஏறினார். அந்த மலையை அவர் தானே தேர்ந்தெடுத்தார். 1984ல் எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பாலைத் தேடிப் போய்ப் பயிற்சி எடுத்தார். அந்தப் பயிற்சியைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. உனக்கு அவர் வேண்டாம், அவர் கால்தான் வேண்டும், அடுத்தவர் வாயை அடைக்க. காலை இழந்த இன்னொருவர் வீட்டிலேயே இருந்து பிள்ளையை வளர்த்தால் அவரைப் பற்றி என்ன வரி எழுதுவாய்?

"தள்ளிவிட ஆள் இல்லாவிட்டால் யாரும் எதையும் சாதிக்க முடியாது" என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என்னையும் நல்லவர்கள் சிலர் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நடந்துகொண்டே தள்ளினார்கள். மேலே ஏறி நின்று படம் எடுத்துப் போட்டுத் தள்ளவில்லை.

எவரெஸ்ட்டில் 8000 மீட்டருக்கு மேல் உயிரை விட்ட ஏறுநர்களில் பெரும்பாலோர் இறங்கும்போது போனவர்கள். வாழ்க்கையே மலை என்று பேசுகிறவர்கள் அந்த இறக்கத்தையும் சேர்த்துப் பேசட்டும். வேலையை விட்டவர், திருமணத்திலிருந்து வெளியே வந்தவர், தேர்வு எழுதியது போதும் என்று நிறுத்தியவர் எல்லோரும் உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். லைக்கும் போடுகிறார்கள், வேறு என்ன செய்வார்கள்?

இன்னொன்று. எங்களோடு இறங்கிய உதவி வழிகாட்டியும் அந்தப் படத்தில் இல்லை. அவள் பையையும் தன் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, வழியெல்லாம் அவள் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பேச வைத்துக்கொண்டே வந்தவர் அவர். எல்லோரும் போட்ட அன்பளிப்புப் பணம் உச்சிக்குக் கூட வந்தவர்களுக்கு மட்டும் பிரிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா என்று குழுவில் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நீலக் குறி தெரிகிறது, பதில்தான் இல்லை. அண்ணா, அந்த வரியை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அவர் பங்கை இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். எண் என்னிடம் இருக்கிறது.