ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்கு வரும் பெண்கள் எங்கே உட்காருவார்கள்?

மலையகத்தில் பூங்கா என்று யார் பேச்செடுத்தாலும் அது நுவரெலியாவில் போய் நிற்கிறது. விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கலை தாவரவியல் பூங்கா. ஏப்ரல் பிறந்தால் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கொழும்பிலிருந்து மலையேறும் வாகன வரிசை. அழகுக்குக் குறைவில்லை. என் கவலை வேறு. ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, பண்டாரவளை, அப்புத்தளை போன்ற நம்முடைய சிறு நகரங்களில் வாழ்கிறவர்களும், அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்கிறவர்களும் ஓய்வு கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எங்கே கழிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை எந்தச் சபையாவது எழுத்தில் கேட்டுப் பதில் திரட்டியதை நான் பார்த்ததில்லை.

நுவரெலியாவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். ஹக்கலைத் தோட்டம் 1861 இல் சிங்கோனா பயிரிடுவதற்காகத் தொடங்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873 இல், சதுப்பு நிலத்தை மறித்து வாவி உருவாக்கப்பட்டது. 1889 இல் கொல்ஃப் கழகம் வந்தது. விக்டோரியா மகாராணியின் பெயரைப் பூங்கா சூடிக்கொண்டதும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்தான். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் அப்போது வரிசை அறைகளான லயன் காம்பராக்களில் இருந்தார்கள். இந்த நகரத்தின் ஓய்வைத் திட்டமிட்டவர்களின் கணக்கில் அவர்கள் இல்லை. அன்று வெள்ளைக்காரத் துரைமார் இளைப்பாறுவதற்கென்று போட்ட திட்டம் இன்று சுற்றுலாப் பயணிக்கென்று தொடர்கிறது. நுழைவுச்சீட்டு, படகு, குதிரைச் சவாரி என்று வருமானம் வருகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் நான்கு பிள்ளைகளோடு ஒரு தொழிலாளர் குடும்பம் பஸ் ஏறி அங்கே போய்வரும் செலவையும், அந்தக் குடும்பத்தின் ஒரு நாள் சம்பளத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

சட்டமும் நம்மை நெடுங்காலம் வெளியே வைத்திருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் வாழும் மக்களின் சௌகரியத்தையும் நலனையும் வசதிகளையும் பேணுவது சபையின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 33 ஆம் பிரிவுதான் தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குரிமை இருந்தது, உறுப்பினரைத் தெரிவு செய்தோம், ஆனால் அந்த உறுப்பினர் நம் லயத்துக்கு முன்னால் ஒரு கல் பதிக்க வேண்டுமென்றாலும் சட்டம் குறுக்கே வந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவானதும் அந்தக் காலத்தில்தான். பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லை. 2025 மே மாதம் தேர்தல் நடந்து, ஜூன் மாதம்தான் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் ஆசனத்தில் அமர்ந்தார்கள். ஆகவே தோட்ட மக்களுக்காகப் பூங்காவும் மைதானமும் திட்டமிடுவதற்குச் சட்டப்படியான வாய்ப்பு நம் சபைகளுக்குக் கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைப் பழைய பழக்கத்திலேயே வீணாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஹட்டன்–டிக்கோயாவும் தலவாக்கலை–லிந்துலையும் நகர சபைகள். நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபைகளின் கீழ் வருகின்றன. நகரத்துக் கடைகளை வாழவைப்பது தோட்டத்துச் சம்பளம். நகரத்துப் பூங்காவுக்கு வர வேண்டியவர்களும் தோட்டத்தார்தான். ஆனால் நகர சபை திட்டம் போடும்போது தன் வாக்காளரையும் வரி கட்டுபவரையும் மட்டும் எண்ணுகிறது, பிரதேச சபையோ "பூங்காதான் டவுனில் இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறது. இரண்டு சபைகளின் நடுவே விழுந்துபோகிறவர்கள் நம் ஜனங்கள். பக்கத்துப் பக்கத்துச் சபைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டமாகப் போட்டால் தவிர இதற்கு விடிவு இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நகரத்துப் பஸ் நிலையத்தைப் பாருங்கள். ஆறு நாளும் கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்கள் அன்றைக்குத்தான் பட்டணத்துக்கு வருகிறார்கள். சந்தையில் மரக்கறி, பிள்ளைக்குக் கொப்பி, மாமியாருக்கு மருந்து. பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும், தோட்டத்துக்குப் போகும் பஸ் பன்னிரண்டுக்குத்தான். அந்த இரண்டு மணி நேரம் பூட்டியிருக்கும் கடையின் படியில் உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர் வந்து திறந்தால் எழுந்து அடுத்த படிக்குப் போவார்கள். மழை வந்தால் தகரத் தாழ்வாரத்தின் கீழ் சுவரோடு ஒட்டி நிற்பார்கள், பை நனையாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு. கழிவறைக்குக் காசு கேட்பார்கள் என்பதற்காகவும் அதன் நிலைக்காகவும் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களை எனக்குத் தெரியும். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் உடம்பை என்ன செய்யும் என்று எந்தத் தாதியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. சிறுவர் பூங்கா என்று மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. திறந்து வைத்தவரின் பெயர் கல்லில் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஊஞ்சல் சட்டகத்தில் இரண்டு சங்கிலி தொங்குகிறது, பலகை இல்லை. சறுக்குத் தகரத்தின் அடிப்பக்கம் துருவேறிப் பிளந்து விளிம்பு கத்தியாக நிற்கிறது, அதனால் யாரோ ஒரு தகப்பன் அதன் மீது சாக்கைக் கட்டி வைத்திருக்கிறார். வாங்குகள் கொங்கிரீட்டால் ஆனவை, கூரை கிடையாது. வருடத்தில் பாதி நாள் மழையும் மூட்டமும் உள்ள ஊரில் நனைந்த கொங்கிரீட்டில் யார் போய் உட்காருவார்கள்? பெரும்பாலான நாட்களில் வாயில் பூட்டியே இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல என்று உங்களுக்கும் தெரியும். காரணமும் எளிமையானது. பூங்கா கட்டுவதற்குப் பணம் வருகிறது, அதைப் பார்த்துக்கொள்வதற்கு வருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அமைச்சின் நிதி, வெளிநாட்டு உதவி என்று எதிலிருந்தோ ஒரு தொகை கிடைக்கும். ஒப்பந்தகாரர் வேலையை முடிப்பார், ரிப்பன் வெட்டப்படும். அடுத்த வருடப் பாதீட்டில் அந்தப் பூங்காவுக்கென்று புல் வெட்டும் ஒருவருடைய சம்பளமோ, ஓர் ஊஞ்சல் பலகையின் விலையோ தனி வரியாக இருக்காது. என்னைக் கேட்டால், பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவை எழுதிக் காட்டாத எந்தப் பூங்காத் திட்டத்துக்கும் சபை கை உயர்த்தவே கூடாது. புதிதாக ஒன்று கட்டுவதைவிட இருக்கும் இரண்டைத் திறந்து வைத்திருப்பது மேல்.

கொலம்பியா நாட்டில் மெடெயின் என்றொரு நகரம். நம் மலைகளைப் போலவே செங்குத்தான சரிவுகள், அவற்றில் ஏழைகளின் வீடுகள். 2004 இல் அங்கே மலைக்குடியிருப்புகளுக்குக் கம்பித் தொங்கூர்தி ஓடத் தொடங்கியது. அது நிற்கும் இடங்களைச் சுற்றி நூலகமும் பூங்காவும் வந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்த ஒன்று. நகரத்தின் நீர் விநியோக நிறுவனத்துக்குச் சொந்தமான தண்ணீர்த் தாங்கிகள் குடியிருப்புகளின் நடுவே வேலி போட்டுக் கிடந்தன. வேலியை எடுத்து, அந்த நிலத்தையே பொது இடமாக்கினார்கள். அதற்கு முன்னால் அயலில் உள்ளவர்களைக் கூட்டி, என்ன வேண்டும் என்று வரையச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள். அதே நகரத்தில் 2007 இல் பெரும் புகழோடு திறந்த ஒரு பூங்கா நூலகம் கட்டுமானக் கோளாறால் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் மூடப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்கு வேலி போட்ட தண்ணீர்த் தாங்கி இல்லையென்றால் என்ன? ஓடாத தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரித்த பழைய பிரட்டுக்களம் இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்துத் தரை இருக்கிறது. காமன் கூத்து ஆடும் பொட்டல் இருக்கிறது. மாசி மாதம் அந்தப் பொட்டலில் இரவு முழுக்கத் தோட்டமே கூடி உட்கார்ந்திருக்குமே, அதைவிடப் பெரிய பொது வெளி நமக்கு யார் கட்டித் தர முடியும்? பல தோட்டங்களில் சின்ன மைதானம் ஒன்றையும் பிள்ளைகளே மண்வெட்டி பிடித்துச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கரப்பந்து வலையைச் சம்பள நாளில் காசு சேர்த்து வாங்குகிறார்கள். இந்த இடங்கள் எதுவும் எந்தச் சபையின் பட்டியலிலும் இல்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், நீண்ட காலக் குத்தகையில் இருக்கிறது. ஆகையால் நாளைக்கு அந்தப் பொட்டலில் கன்று நட்டாலோ களஞ்சியம் கட்டினாலோ கேட்பதற்கு ஒரு தாள் கூட நம்மிடம் கிடையாது. பூங்காத் திட்டத்தின் முதல் வேலை வடிவமைப்பாளரை அழைப்பதாக இருக்கக் கூடாது. தோட்டம் தோட்டமாகப் போய், மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்களை வரைபடத்தில் குறிப்பதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளைக் குத்தகையிலிருந்து விடுவித்துச் சபையின் பேருக்கு மாற்றுவதற்குப் பிரதேச செயலகத்தோடும் கம்பனியோடும் பேச வேண்டும். காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

புதிய வீட்டுத் திட்டங்களைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் நம் மக்கள் முன்னால் நின்று மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போகும் குடும்பத்தின் மகிழ்ச்சி எத்தகையது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மலைச்சரிவில் வரிசையாக வீடுகளை அடுக்கும்போது பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு தட்டையான துண்டு விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் விளையாட்டு வீதிக்கு வந்துவிட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதிகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைச் சமூகத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அது அந்த அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்குத்தான் பொருந்தும். கொழும்புக்காரரின் பிள்ளைக்கு நியாயமான அளவு நம் பிள்ளைக்கும் நியாயம்தானே? புதிய தோட்ட வீட்டுத் திட்டம் எங்கே வந்தாலும் அதே பத்தில் ஒன்றைக் கேளுங்கள், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். வீடு கட்டி முடிந்த பிறகு நிலம் கிடைக்காது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று வீட்டுக்கு மறுத்த துண்டைக் கொண்டுவந்து விளையாட்டிடம் என்று நீட்டினால் வாங்காதீர்கள். 2014 இல் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தை நாம் மறக்கவில்லை.

யாரைக் கேட்டுத் திட்டம் போடுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம். சபை மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு "பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம்" வைத்தால் வருபவர்கள் கடை முதலாளிகளும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும்தான். அந்த நேரத்தில் கொழுந்து பறிப்பவர் மலையில் நிற்கிறார். கூட்டத்தை ஞாயிறு பிற்பகல் கோயில் மண்டபத்தில் வையுங்கள், தமிழில் நடத்துங்கள். பெண்களைத் தனியாகவும் கேளுங்கள், ஏனென்றால் கலந்த கூட்டத்தில் இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுகளம் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கிரிக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைதானம் என்றாலே ஆண் பிள்ளைகளின் இடம் என்று ஆகிவிட்டதால் பதின்மூன்று வயதோடு நம் பெண் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். பாடசாலையில் வலைப்பந்திலும் ஓட்டத்திலும் வலயமட்டம் வரை போன பிள்ளை வீடு திரும்பினால் பயிற்சி செய்ய இடமில்லாமல் இருக்கிறாள். கூரையுள்ள இருக்கை, இலவசமான துப்புரவான கழிவறை, குடிநீர்க் குழாய், மாலை ஏழு மணி வரை எரியும் விளக்கு, மேலே ஏறிவரப் பிடிகம்பியுள்ள படிக்கட்டு: நம் பெண்கள் கேட்கப்போவது இவ்வளவுதான். நிழற்படம் எடுக்க வண்ண எழுத்தில் ஊர்ப் பெயர் வைக்கும் செலவில் இதில் பாதி முடிந்துவிடும்.

ஆண்டு முடிவதற்குள் சபைகள் அடுத்த வருடப் பாதீட்டை நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரிடம் நேரில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். மூன்று விடயங்களைக் கேட்டு எழுதுங்கள். சபைக்குச் சொந்தமான பூங்காக்கள், மைதானங்களின் பட்டியல். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றின் பராமரிப்புக்கும் செலவான தொகை. ஒவ்வொன்றும் எந்த நாட்களில் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது, சாவிக்கு யார் பொறுப்பு என்பது. எங்கள் ஊருக்கான விண்ணப்பத்தை நான் எழுதிவிட்டேன். வரும் திங்கட்கிழமை சபை அலுவலகத்தில் கொடுக்கிறேன். உங்கள் ஊருக்கும் அதே மாதிரிப் படிவம் வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.