இறந்தவரின் அடக்கத்திலாவது ஒன்றுபடுவோம்

சபைகள் பெருகுவது சுவிசேஷம் வளர்வதன் அடையாளம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதிய கருத்தை, வட இலங்கையின் வன்னியிலிருந்து வாசிக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. கிளிநொச்சியில் எங்கள் உறவினரான கத்தோலிக்கத் தாயொருவரின் அடக்கத்தன்று, பெட்டியருகே மெழுகுதிரி ஏற்றக்கூடாது என்று பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்த மகனும், ஏற்றியே ஆகவேண்டும் என்று மகளும் வாக்குவாதப்பட, குருவானவர் செபப்புத்தகத்தை மூடிப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். போருக்குப் பின் தறப்பாள் கொட்டில்களுக்குள் வந்து எங்களோடு செபித்தவர்களில் அச்சபையாரும் இருந்தார்கள் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி மறுபடியும் குளத்தில் இறக்கும்போது, பெற்றோரின் விசுவாசமே பொய்யென்று ஒரு குடும்பத்துக்குள் தீர்ப்பாகிவிடுகிறது. இவ்வாறான மறு ஞானஸ்நானத்தைத் தவிர்க்கவேண்டும் என்று உலகத் திருச்சபைகள் மன்றம் ஞானஸ்நானம் முதலியவை பற்றி 1982 இல் வெளியிட்ட லீமா ஆவணம் தெளிவாகவே கூறுகிறது. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்த மரபினர் உட்படப் பலர் இணைந்தனர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதிலே சேர்ந்தன. அவ்வளவு பெரிய இணைப்பை நான் இன்று கேட்கவில்லை. இறந்தவர் எந்தச் சபையில் வாழ்ந்தாரோ அந்தச் சபையின் முறைப்படியே அவரை அடக்கம் செய்வோம் என்று எங்கள் மாவட்டத்துக் குருக்களும் போதகர்களும் கூடி எழுத்தில் உடன்படவேண்டும்.